40 கிராமும் ஒரு டாப் குவார்க் ஜோடியும்

காஞ்சிபுரத்துக்காரன்னு சொன்னதும் எதிர்ல இருக்கிறவர் கேக்கிற முதல் கேள்வி, "நல்ல பட்டுப்புடவை எந்தக் கடையில வாங்கலாம்?" ரெண்டாவது, "கோயில் இட்லி இப்பவும் கிடைக்குதா?" சாப்ட்வேர்ல பொட்டி தட்டுறேன்னு சொன்னா மூணாவதா, "உங்க கம்பெனியில ஆள் எடுக்கிறாங்களா?" இந்த மூணையும் தாண்டி யாரும் என்கிட்ட டாப் குவார்க் பத்திக் கேட்டதே இல்லை. ஆகவே மக்களே, கேள்வியையும் நானே கேட்டு பதிலையும் நானே சொல்லிக்கிற பதிவு இது. கொட்டாவி வந்தா நடுவுல எழுந்து ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, தப்பில்லை :-)

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் படிச்சது எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங். இயற்பியல்ல ஆராய்ச்சி எதுவும் பண்ணதில்லை. ஒன்பதாவது படிக்கும்போது பேப்பர்ல 'கடவுள் துகள் கண்டுபிடிப்பு'ன்னு கொட்டை எழுத்துல பார்த்ததுல பிடிச்ச பைத்தியம், இன்னும் விடலை. அவ்வளவு தான் தகுதி.

அந்தக் 'கடவுள் துகள்'ங்கிற பேரை முதல்ல ஓரங்கட்டிடலாம். லியான் லெடர்மேன்னு நோபல் பரிசு வாங்கின ஒரு இயற்பியலாளர் 1993ல் எழுதின புத்தகத்தோட தலைப்பு அது. பத்திரிகைக்காரங்களுக்கு அது அல்வா மாதிரி கிடைச்சிடுச்சு. இயற்பியல்காரங்க பலருக்கு அந்தப் பேரைக் கேட்டாலே பத்திக்கிட்டு வரும். போதாக்குறைக்கு 2004ல் இந்திய அரசு செர்ன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஒரு நடராஜர் சிலையைக் கொடுக்க, அது அங்க ரெண்டு மீட்டர் உயரத்துல நிக்குது. பஞ்சபூதத் தலத்துல ஆகாயத்துக்கு சிதம்பரம், மண்ணுக்கு எங்க ஊர் ஏகாம்பரநாதர் கோயில். "பாத்தியா, வெற்றிடத்துல என்னமோ இருக்குன்னு நம்ம முன்னோர்கள் அப்பவே..."ன்னு யாராவது ஆரம்பிச்சா, தயவு செஞ்சு அவங்களுக்கு ஒரு வணக்கம் போட்டுட்டு கீழ வாங்க. முன்னோர்கள் சிலை வடிச்சது வேற வேலை, இது வேற வேலை. ரெண்டும் பெரிய வேலை தான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

வெற்றிடம்னு நாம நினைக்கிற இடம் முழுக்க ஹிக்ஸ் புலம்னு ஒண்ணு பரவி இருக்கு. அடிப்படைத் துகள்கள் அதோட எவ்வளவு ஒட்டி உறவாடுதோ அவ்வளவு நிறை. ஒட்டாத துகளுக்கு, ஃபோட்டான் மாதிரி, நிறையே கிடையாது. அந்தப் புலத்தைத் தட்டினா எழும்புற அதிர்வு தான் ஹிக்ஸ் போசான். ஜெனீவா பக்கத்துல பூமிக்கடியில 27 கிலோமீட்டர் சுற்றளவுல இருக்கிற எல்எச்சி மோதல் யந்திரத்துல அதைப் பிடிச்சிட்டோம்னு 2012 ஜூலை 4 அன்னைக்கு அறிவிச்சாங்க. அட்லஸ், சிஎம்எஸ்னு ரெண்டு தனித்தனிக் குழு, ரெண்டு தனித்தனிக் கருவி. அடுத்த வருஷமே பீட்டர் ஹிக்ஸுக்கும் பிரான்சுவா ஆங்லேருக்கும் நோபல்.

எடையை இவங்க அளக்கிற அலகு கிகா எலக்ட்ரான் வோல்ட், சுருக்கமா ஜிஇவி. ஒரு புரோட்டான் கிட்டத்தட்ட 1 ஜிஇவி. ஹிக்ஸ் 125. நம்ம கதாநாயகன் டாப் குவார்க்? 172.5. அதாவது உள்ளே வேற எந்தப் பாகமும் இல்லாத ஒரே ஒரு புள்ளித் துகள், கிட்டத்தட்ட ஒரு முழு தங்க அணுவோட எடை! தங்க அணு 183 சொச்சம். ஆனா அந்த அணுவுக்குள்ள 79 புரோட்டானும் 118 நியூட்ரானும் கூட்டுக் குடும்பம் நடத்துது. டாப் தனி ஆளா நின்னு அந்த எடையைக் காட்டுது.

1995ல் அமெரிக்காவுல ஃபெர்மிலேப்ல சிடிஎஃப், டிஜீரோன்னு ரெண்டு குழுக்கள் இந்த டாப்பைக் கண்டுபிடிச்சாங்க. டிஜீரோ குழுவுல மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனமும், டெல்லி, பஞ்சாப் பல்கலைக்கழகங்களும் இருந்தாங்க. எல்எச்சியிலயும் நம்ம கை இருக்கு. அதோட ஒரு டைபோல் காந்தம் 15 மீட்டர் நீளம், சுமார் 35 டன். அப்படி ஆயிரத்துக்கு மேல இருக்கு. அந்த காந்தங்களைத் தாங்கி, நுணுக்கமா நகர்த்தி நிறுத்துற ஜாக்குகள், 7000க்குப் பக்கமா, இந்தூர் ராஜா ராமண்ணா மையத்து வடிவமைப்புல இந்தியாவுல செஞ்சு அனுப்பினது. சிஎம்எஸ் குழுவுல நம்ம சென்னை ஐஐடியும் இருக்கு. 2017ல் இந்தியா செர்ன்ல இணை உறுப்பு நாடாவே ஆயிடுச்சு.

டாப் இவ்வளவு கனமா இருக்குன்னா, ஹிக்ஸ் புலத்தோட ரொம்ப நெருக்கம்னு அர்த்தம். அந்த நெருக்கத்துக்கு யுகாவா பிணைப்புன்னு பேர். ஜப்பான் இயற்பியலாளர் ஹிடேகி யுகாவா பேர்ல வெச்சது. டாப்போட நிறையை வெச்சு கணக்குப் போட்டா அந்த எண் கிட்டத்தட்ட 1 வருது. எலக்ட்ரானுக்கு அதே எண் பத்து லட்சத்துல 3 பங்கு. ஏன் டாப்புக்கு மட்டும் இப்படி அழகா 1 பக்கத்துல வந்து உக்காந்திருக்குன்னு யாருக்கும் தெரியாது.

ஆனா இது 'கணக்குப் போட்டா' வர்றது. நிறை முழுக்க ஹிக்ஸ் புலத்துல இருந்து தான் வருதுன்னு நாம நம்பினா வர்ற எண். நம்பாம, நேரா அளந்து பார்க்க முடியுமா? இங்க தான் சிக்கல்.

ஹிக்ஸ் எந்தத் துகளோட எவ்வளவு நெருக்கம்னு பார்க்க சுலபமான வழி, அது உடையும்போது எதுவா உடையுதுன்னு எண்ணிப் பார்க்கிறது. ஆனா டாப் ஜோடியோட நிறை 345, ஹிக்ஸ் வெறும் 125. சட்டியில இருந்தா தானே அகப்பையில வரும்? ஹிக்ஸ் உடைஞ்சு டாப் ஜோடி வர வாய்ப்பே இல்லை.

அதனால ரெண்டு சுத்து வழி இருக்கு.

முதல் வழி: டாப் ஜோடி பிறக்கும்போதே கூடவே ஒரு ஹிக்ஸும் பிறக்குற சம்பவத்தைத் தேடறது. ரொம்ப அபூர்வம். எல்எச்சி 13 ஆயிரம் ஜிஇவி ஆற்றல்ல ஓடினப்போ, சுமார் 1600 டாப் ஜோடிக்கு ஒண்ணு தான் ஹிக்ஸோட சேர்ந்து வரும். 2018ல் சிஎம்எஸ், அட்லஸ் ரெண்டு பேரும் அதைப் பார்த்துட்டாங்க. டாப்பும் ஹிக்ஸும் நிஜமாவே சொந்தக்காரங்க தான்னு நேரடி சாட்சி.

ரெண்டாவது வழி தான் இந்தப் பதிவோட மேட்டர். இதுல ஹிக்ஸ் வெளிய வரவே வராது! வெறும் டாப் ஜோடி மட்டும் தான் பிறக்கும். புரோட்டானும் புரோட்டானும் மோதும்போது, பெரும்பாலும் ரெண்டு குளுவான் சேர்ந்து, ஒரு டாப்பும் ஒரு எதிர்-டாப்பும் உண்டாகுது. அந்த ஜோடிக்கு மிச்சம் மீதி ஆற்றல் அதிகமா இல்லாம, 345ஐ ஒட்டி, ரெண்டும் மெதுவா விலகிப் போகும்போது, அதுங்களுக்கு நடுவுல ஒரு ஹிக்ஸ் கண்ணிமைக்கும் நேரத்துல கை மாறும். (கண்ணிமைக்கும் நேரம்ங்கிறது ரொம்பப் பெருசு. டாப்போட ஆயுளே ஒரு நொடியை 2 போட்டு பக்கத்துல 24 சைபர் போட்ட எண்ணால வகுத்தா வர்ற அளவு தான்.) அந்தக் கைமாற்றத்தால ஜோடிங்க பிறக்கிற எண்ணிக்கையும், அதுங்க போற திசையும் லேசா மாறும். யுகாவா பிணைப்பு ரெண்டு மடங்கா இருந்தா இந்த விளைவு நாலு மடங்கு. ஆக, ஜோடிகளோட கணக்கை மட்டும் நுணுக்கமா எடுத்தா போதும், வெளிய வராத ஹிக்ஸோட நெருக்கம் எவ்வளவுன்னு சொல்லிடலாம்.

எவ்வளவு லேசா மாறும்? சில சதவீதம். அதுவும் அந்த 345 வாசற்படியை ஒட்டி மட்டும்.

சில சதவீதம்னா என்னன்னு காஞ்சிபுரத்துக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நல்ல பட்டு ஜரிகையில தங்கம் அரை சதவீதம் சுத்தி தான் இருக்கும். மிச்சம் வெள்ளி, செம்பு, நடுவுல பட்டு நூல். அந்த அரை சதவீதத்துக்காகத் தான் பாட்டி புடவையை எடுத்துட்டுப் போய் பழைய ஜரிகைக் கடையில நிறுத்து வித்தவங்களும் உண்டு, விக்காம பீரோவுல வெச்சு அழுதவங்களும் உண்டு.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

என் பெரியப்பா நெசவாளி. பிள்ளையார்பாளையத்துல வீட்டுக்குள்ளயே தறி. கால் வைக்கிற குழி, மேல ஜக்கார்டு பெட்டி, அதுல தொங்குற ஓட்டை போட்ட அட்டைகள். அந்த அட்டையில ஓட்டை இருந்தா இழை தூக்கும், இல்லைன்னா தூக்காது. பின்னாடி காலேஜ்ல பைனரி சொல்லிக் கொடுத்தப்போ எனக்கு ஒண்ணும் புதுசா இல்லை. எங்க வீட்டு மயில், அன்னப்பட்சி எல்லாம் ஒண்ணு சைபர்ல தான் நெசவாச்சு.

நெசவுல கணக்கு இப்படி. முதலாளி பாவுக்கும் ஊடைக்கும் பட்டு நிறுத்துக் கொடுப்பார், ஜரிகை நிறுத்துக் கொடுப்பார், நோட்டுல எழுதுவார். ஒரு பாவுல மூணு புடவை வரும். நெஞ்சு முடிச்சு எடுத்துட்டுப் போனா, புடவை, மிச்ச நூல், கழிவு எல்லாத்தையும் திரும்ப நிறுப்பாங்க. கொடுத்ததும் வந்ததும் சரியா இருக்கணும். நியாயமான முறை தான். பொருள் அவங்களுது, கூலி நம்மளுது.

நான் பதினொண்ணாவது படிக்கும்போது நடந்தது இது. கார்த்திகை மாசம் அடை மழையில பெரியப்பா ஒரு பாவுக்குப் பட்டு வாங்கிட்டு வந்தார். மாசியில நல்ல வெயில்ல மூணாவது புடவையைக் கொண்டு போய்க் கொடுத்தார். மூணுக்கும் சேர்த்து 40 கிராம் குறைஞ்சுது. எலக்ட்ரானிக் தராசு. சிவப்பு எழுத்துல எண் தெரியும். யாராலயும் எதுத்துப் பேச முடியாது. 40 கிராமையும் ஜரிகை விலை போட்டு கூலியில பிடிச்சாங்க. பணம் போனது கூட ஒரு பக்கம். எல்லார் முன்னாடியும் சிரிச்சிக்கிட்டே ஒருத்தர், "இன்னா, வீட்ல எதாச்சும் விசேஷமா? ஜரிகை ஒதுக்கினியா?"ன்னு கேட்டாராம். முப்பது வருஷம் தறியில உக்காந்த மனுஷன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டாம அப்படியே தறிக்குழியில காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தார். பெரியம்மா மூணு தடவை சாப்பிடக் கூப்பிட்டாங்க.

அடுத்த பாவு வாங்கலை அவர். ரெண்டு வருஷத்துல தறியைப் பிரிச்சாச்சு. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில செக்யூரிட்டி வேலை. இப்ப அதுவும் இல்லை, வீட்ல இருக்கார்.

நிற்க. இதுக்கும் ஹிக்ஸுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்க. இருக்கு.

பட்டு காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். உலகம் முழுக்க பட்டு வியாபாரத்துல ஒரு கணக்கு உண்டு. முழுசா காய வெச்ச பட்டோட எடைக்கு மேல 11 சதவீதம் ஈரம்னு வெச்சு தான் விலை பேசுவாங்க. ஏன்னா காத்துல ஈரம் கூடினா பட்டு கனக்கும், வெயிலடிச்சா இளைக்கும். 1805லயே நெப்போலியன் உத்தரவுல பிரான்ஸ் லியோன் நகரத்துல இதுக்குன்னே ஒரு பொது எடைச் சாலை வெச்சாங்க. விக்கிறவனும் வாங்குறவனும் ஈரத்தை வெச்சு ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்தாம இருக்க. அதே காலத்துல அதே லியோன்ல தான் ஜக்கார்டு தன் பெட்டியைக் கண்டுபிடிச்சார். எங்க ஊருக்குப் பெட்டி வந்துடுச்சு. ஈரக் கணக்கு வரலை. (லியோன்ல இருந்து ஜெனீவா சுமார் 150 கிலோமீட்டர் தான். நம்ம காஞ்சியில இருந்து விழுப்புரம் கொஞ்சம் தாண்டிப் போற மாதிரி.)

கணக்குப் போட்டுப் பாருங்க. மூணு புடவைக்கு சுமார் 1300 கிராம் பட்டு. கார்த்திகை மழைக்கும் மாசி வெயிலுக்கும் நடுவுல ஈரம் வெறும் 3 சதவீதம் மாறினா போதும். 39 கிராம். ஜரிகையை யாரும் தொட வேண்டாம். வானமே எடுத்துக்கும்.

தராசு பொய் சொல்லலை. 40 கிராம் குறைஞ்சது நிஜம். ஆனா 'குறைஞ்சுது' என்கிறதுக்கும் 'எடுத்தான்' என்கிறதுக்கும் நடுவுல ஒரு பெரிய தூரம் இருக்கு. அந்தத் தூரத்தை நடந்து கடக்கிறது தான் இந்த இயற்பியல்காரங்களோட வேலையே. அவங்களுக்கும் தேடுற விளைவு சில சதவீதம். தராசுல, கணக்குல, காத்துல வர்ற குழப்பமும் அதே சில சதவீதம்.

2020ல் சிஎம்எஸ் வெளியிட்ட அளவீட்டை எடுத்துக்கோங்க. 2016ல இருந்து 2018 வரைக்கும் சேர்ந்த மோதல் தரவு. அந்தக் காலத்துல அந்தக் கருவிக்குள்ள பிறந்த டாப் ஜோடிங்க சுமார் 11 கோடி. ஒவ்வொரு டாப்பும் உடனே டபிள்யூ போசானாவும் பி குவார்க்காவும் உடைஞ்சிடும். அதுல ரெண்டு டபிள்யூவும் எலக்ட்ரான், மியூவான் மாதிரி லெப்டானா உடைஞ்ச சம்பவங்களை மட்டும் எடுத்தாங்க. அதுல குப்பை கம்மி. ஆனா ஒவ்வொரு லெப்டானோடயும் ஒரு நியூட்ரினோ கிளம்பும். அது கருவியில படாம ஓடிப் போயிடும். ஜோடியோட முழு எடையை நேரா போட முடியாது. கொடுத்ததுக்கும் வந்ததுக்கும் எடை இடிக்கும்! அங்க யாரும் யாரையும் பார்த்து 'ஒதுக்கினியா?'ன்னு கேக்கலை. கண்ணுல பட்ட ரெண்டு பி ஜெட், ரெண்டு லெப்டான், இதுங்களோட கூட்டு நிறையும் திசையும் யுகாவா பிணைப்பு மாறினா எப்படி மாறும்னு பார்த்தாங்க. ஜெட்டோட ஆற்றலை அளக்கிறதுல எவ்வளவு தப்பு வரலாம், குளுவான் கணக்கே எவ்வளவு தோராயம், ஹிக்ஸ் கணக்கையும் குளுவான் கணக்கையும் கூட்டறதா பெருக்கறதா என்கிறதுல எவ்வளவு ஐயம், எல்லாத்துக்கும் ஒரு எண். எல்லாம் போக வந்த விடை: எதிர்பார்த்ததைப் போல 1.16 மடங்கு. கூட 0.24 இருக்கலாம், குறைய 0.35 இருக்கலாம்.

1.16ன்னு மட்டும் சொல்லியிருந்தா? "ஹிக்ஸ் டாப்கிட்ட 16 சதவீதம் அதிகமா ஒட்டுது, புது இயற்பியல்!"ன்னு தலைப்பு போட்டிருக்கலாம். அந்த கூடக் குறைய எண்ணைப் பக்கத்துல வெச்சதால, "இது 1 தான்னு சொன்னாலும் தப்பில்லை"ன்னு அவங்களே சொல்றாங்க. அதுக்கு முந்தின வருஷம் வேற வகை சம்பவங்களை வெச்சு அதே குழு போட்ட விடை 1.07. கூட 0.34, குறைய 0.43. தரவு கூடக் கூட வரம்பு குறுகுது பாருங்க.

இன்னும் சூடான கதை 2025ல் நடந்தது. டாப் ஜோடிங்க மூலமா, நமக்குத் தெரிஞ்ச ஹிக்ஸ் இல்லாம, இன்னும் கனமான வேற ஹிக்ஸ் ஏதாவது இருக்கான்னு சிஎம்எஸ் தேடிக்கிட்டிருந்தாங்க. அப்படி ஒண்ணு 345க்கு மேல இருந்தா, அது டாப் ஜோடியா உடையலாம். சாதாரணமா பிறக்கிற ஜோடிகளோட அலை குறுக்கிட்டு, எண்ணிக்கையில ஒரு மேடும் பக்கத்துல ஒரு பள்ளமும் தெரியும். தேடினவங்களுக்கு மேடு ஒண்ணு தெரிஞ்சுது. எங்க? சரியா வாசற்படியில, 345ஐ ஒட்டி. சும்மா இல்லை, 5 சிக்மாவுக்கு மேல. அதாவது தற்செயலா இப்படித் தெரிய 35 லட்சத்துல ஒரு வாய்ப்பு கூட இல்லை.

உங்களையும் என்னையும் மாதிரி ஆளுங்க கையில கிடைச்சிருந்தா 'ரெண்டாவது ஹிக்ஸ்!'ன்னு பட்டாசு வெடிச்சிருப்போம். அவங்க என்ன பண்ணாங்க? ஈரத்தைப் பார்த்தாங்க.

டாப்பும் எதிர்-டாப்பும் மெதுவா விலகும்போது ஹிக்ஸ் மட்டுமில்லை, குளுவான்களும் அதுங்களைப் பிடிச்சு இழுக்கும். உடைஞ்சு போறதுக்கு முன்னாடி ஒரு நொடிப்பொழுது கட்டிப் பிடிச்ச மாதிரி ஒரு நிலை. அதுக்கு டாப்போனியம்னு பேர். மத்த கனமான குவார்க்குங்க இப்படி ஜோடி சேர்றதை 1974லயும் 1977லயும் பார்த்தாச்சு. டாப்புக்கு ஆயுள் ரொம்பக் குறைச்சல், அதனால முழு ஜோடி அமையாது, ஆனா வாசற்படியில ஒரு லேசான மேடு மட்டும் தெரியலாம்னு 1980கள்லயே கணக்குப் போட்டு வெச்சிருந்தாங்க. எல்எச்சியில இதைப் பிரிச்சுப் பார்க்க முடியாதுன்னு தான் ரொம்பப் பேர் நினைச்சிருந்தாங்க. சிஎம்எஸ் பார்த்த மேடு மொத்த டாப் ஜோடிகள்ல சுமார் 1 சதவீதம். டாப்போனியக் கணக்கோட ஒத்துப் போகுது. சில மாசத்துல, ஜூலையில, அட்லஸ் தனியா தன்னோட தரவுல பார்த்து கிட்டத்தட்ட அதே அளவைச் சொன்னாங்க, 7.7 சிக்மா.

அப்பவும் அவங்க எழுதினது இப்படி: டாப்போனியம்னா பொருந்துது. வேற புதுத் துகளா இருக்க வாய்ப்பே இல்லைன்னு இந்தத் தரவை மட்டும் வெச்சுச் சொல்ல முடியாது. ரெண்டு வரி. அந்த ரெண்டு வரிக்காக இவங்களை எனக்கு அவ்வளவு பிடிக்குது.

கவனிச்சீங்களா? ஹிக்ஸ் கைமாறுறதால வர்ற விளைவும் அதே வாசற்படியில, டாப்போனிய மேடும் அதே வாசற்படியில. இனிமே இந்த வழியா யுகாவா பிணைப்பை அளக்கிறவங்க இந்த மேட்டையும் கணக்குல கழிச்சுட்டுத் தான் பேசணும். அளக்கிற பொருளும் ஈரமும் ஒரே தட்டுல.

இதைச் சுத்தமா பிரிச்சுப் பார்க்க ஆசைப்பட்டவங்க இந்தியாவுல நிறைய பேர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல இருந்த ரோகிணி கோட்போலே அதுல முக்கியமானவர். புரோட்டானுக்குப் பதிலா எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோத விடுற யந்திரம் வேணும்னு பல வருஷம் வாதாடினவர். 2008ல் அவர், அகமதாபாத் சௌரப் ரிந்தானி, இன்னும் சில பேர் சேர்ந்து ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. அந்த மாதிரி யந்திரத்துல டாப் ஜோடியும் ஹிக்ஸும் சேர்ந்து பிறக்கிற அளவையும், டாப் எந்தப் பக்கம் சுழலுதுங்கிறதையும் வெச்சு, ஹிக்ஸோட சமச்சீர் குணம் என்னன்னு சொல்லிடலாம்னு காட்டினாங்க. ஹிக்ஸைக் கண்டுபிடிக்கிறதுக்கு நாலு வருஷம் முன்னாடி! கோட்போலே 2024 அக்டோபர்ல காலமானார். அந்த யந்திரம் இன்னும் வரலை. வந்தா, வாசற்படியில டாப் ஜோடிகளோட எண்ணிக்கையில ஹிக்ஸோட பங்கு மட்டும் சுமார் 9 சதவீதம் இருக்கும்னு கணக்கு. புரோட்டான் மோதல்ல இருக்கிற குப்பையும் இருக்காது. செர்ன் இப்போ 91 கிலோமீட்டர் சுற்றளவுல ஒரு வளையம் கட்டலாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்கு. கட்டினா டாப் வாசற்படி வரைக்கும் ஏத்துவாங்க. அதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சிடும், அது வேற விஷயம்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ பெரியப்பாகிட்ட அந்த 11 சதவீதக் கதையை எடுத்தேன். லியோன், எடைச் சாலை, மூணு சதவீதம், 39 கிராம். பேப்பர்ல கணக்குப் போட்டும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பொறுமையா பார்த்தார். நான் ஏதோ பெரிய ரகசியம் சொல்லிட்ட மாதிரி அவர் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன்.

"மழை நாள்ல பட்டு கனக்கும்னு எங்களுக்குத் தெரியாதாடா? எங்க அப்பாவுக்கே தெரியும். பாவு கையில எடுத்தாலே சொல்லிடுவார்."

"அப்ப அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல பெரியப்பா?"

"சொன்னேன். அவங்க நோட்டுல அதுக்குக் கட்டம் இல்லையே."

அவ்வளவு தான் சொன்னார். அப்புறம் டிவி சவுண்டைக் கூட்டிட்டார்.

நான் அந்தப் பேப்பரை மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கிட்டேன். என்னத்தைச் சொல்றது. ஈரத்தைப் பத்தி அவருக்குச் சொல்லிக் கொடுக்க எதுவும் இல்லை. கட்டம் இல்லாத நோட்டு தான் பிரச்சினை.

சிஎம்எஸ் கட்டுரைகளைப் புரட்டினா பாதிப் பக்கம் இந்தக் கட்டங்கள் தான். ஜெட் ஆற்றலுக்கு ஒரு கட்டம், தேற்றக் கணக்குக்கு ஒரு கட்டம், கருவிக்கு ஒரு கட்டம். வாசிக்க செம போர். முன்னாடி நானும் அதைத் தாண்டி நேரா முடிவுக்குத் தான் போவேன். இப்போ முதல்ல அதைத் தான் படிக்கிறேன். அந்தப் பக்கங்களை எழுதறதுக்குத் தான் மாசக்கணக்குல ஆளுங்க உக்காந்திருப்பாங்கன்னு தோணுது. ஆபீஸ்லயும் ஒரு சர்வர் விழுந்தா "யார் கோடு?"ன்னு முதல் மெயில் வரும் பாருங்க, அப்பவும் அந்த நோட்டு தான் ஞாபகம் வருது.

எல்எச்சியை இன்னும் அதிக மோதலுக்கு மேம்படுத்துற வேலை முடிஞ்சு, 2030 வாக்குல திரும்ப ஓட்டறதா திட்டம். அப்போ டாப் ஜோடிங்க கோடிக்கணக்குல குவியும். அந்த வாசற்படி மேடு டாப்போனியம் தானா, இல்லை அதுக்குள்ள வேற யாராவது ஒளிஞ்சிருக்காங்களான்னு அப்ப தெரியலாம். அது வரைக்கும் 'புதுத் துகள் கண்டுபிடிப்பு'ன்னு எந்தப் பேப்பர்ல தலைப்பு பார்த்தாலும், எண்ணுக்குப் பக்கத்துல கூடக் குறைய எவ்வளவுன்னு போட்டிருக்கான்னு ஒரு தடவை பாருங்க.

அப்புறம் ஒரு விண்ணப்பம். நூல், நெல், முந்திரி, உப்பு, புகையிலைன்னு எடை போட்டு வாங்கி எடை போட்டுக் கொடுக்கிற தொழில் நிறைய ஊர்ல இருக்கு. உங்க ஊர்ல ஈரத்துக்குக் கழிவு உண்டா? உண்டுன்னா எவ்வளவு, யார் முடிவு பண்ணாங்க? தெரிஞ்சவங்க எழுதுங்க. பெரியப்பாகிட்ட படிச்சுக் காட்டணும்.

டிஸ்கி: கோயில் இட்லி இப்பவும் கிடைக்குது. மிளகும் சுக்கும் போட்டு, மந்தாரை இலையில வேக வெச்சது. வந்தா சொல்லுங்க, நானே கூட்டிட்டுப் போறேன். புடவை எந்தக் கடைன்னு மட்டும் கேக்காதீங்க :-)